கரை இறங்கியவர்களைக் கவனித்தவர்கள்

நம் முன்னோர் கடல் கடந்து வந்த வரலாற்றைப் பேசும்போது கப்பலையும் கடையையும் பள்ளிவாசலையும் சொல்கிறோம். 1801-இல் பினாங்கில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும், 1826-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசலையும் நம் பிள்ளைகள்கூட அறிவார்கள். கரை இறங்கிய அன்று சோறு போட்டவர் யார், படுக்க இடம் தந்தவர் யார் என்பது பற்றிய எழுத்துகள் குறைவு.

அந்த உபசரிப்பைக் கண்ணால் கண்டு சொன்ன பழைய சாட்சி, மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. அரபிகள் மஅபர் என்றழைத்த நம் தமிழகக் கரையருகே அவருடைய கப்பல் தரைதட்டியது. இரவைக் கப்பலின் பின்பகுதியிலேயே கழித்தார். விடிந்ததும் படகில் வந்து அவரைக் கரைசேர்த்தவர்கள் அப்பகுதி மக்கள், முஸ்லிம்கள் அல்லர். இதை அவரே சொல்லியிருக்கிறார்.

பின்னர் 1345 வாக்கில் சுமத்ராவின் வடகரையிலிருந்த சமுத்ராவை அடைந்தார். கப்பல் நின்றதுமே உள்ளூர் மக்கள் சிறு படகுகளில் தேங்காய், வாழைப்பழம், மாம்பழம், மீன் எல்லாம் கொண்டு வந்தார்கள். அவற்றை வணிகர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது அவ்வூர் வழக்கம். வணிகர்களும் தம்மால் இயன்றதைத் திருப்பித் தருவார்கள். ஊருக்குள் அவருக்குத் தோட்டத்தோடு ஒரு வீடு ஒதுக்கப்பட்டது. உணவு வேளை தவறாமல் வந்தது. சுல்தானை உடனே பார்க்கலாமா என்றால், முடியாதாம். பயணக் களைப்புத் தீர மூன்று நாள் கழிந்த பிறகே விருந்தினர் சலாம் சொல்லப் போக வேண்டும் என்றார்கள்.

சுல்தான் மலிக்குல் ளாஹிர் கொடுத்த பரிசுகளைவிட இந்த மூன்று நாள்தான் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. பரிசு கொடுப்பது அரசர்களுக்கு எங்கும் எளிது. வந்தவரிடம் என்ன காரியம் என்று கேட்கும் முன் இளைப்பாற விடுவது ஊரின் பண்பு. விருந்தினரை மூன்று நாள் உபசரிப்பது நபிவழி அல்லவா!

இடுப்பில் கட்டிக்கொள்ளத் துணியும் கொடுத்தார்கள். காற்சட்டைக்குப் பதில் அங்கே அதுதான் உடை.  கைலியோடு வந்த நம்மவர்களுக்கு அது புதிதாக இருந்திருக்காது. சுல்தான் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர். காயல்பட்டினம், கீழக்கரை மரைக்காயர்களுக்கும் அதே மத்ஹபு என்பதால், இக்கரைப் பள்ளிகளில் அவர்கள் அந்நியராக நிற்கவில்லை.

இன்னும் நெருக்கமான சான்று முன்ஷி அப்துல்லாஹ்வின் ‘ஹிகாயத் அப்துல்லாஹ்’. அவருடைய பாட்டனாரின் தந்தை யமனிலிருந்து வந்து நாகூரில் மணமுடித்தவர். பாட்டனார் மலாக்காவுக்கு வந்து குடும்பமானார். 1796-இல் பிறந்த அப்துல்லாஹ் நோஞ்சான் குழந்தை. அவரைப் பல பெண்கள் பாலூட்டிக் காப்பாற்றியதாக அந்நூல் சொல்கிறது. பால் கொடுத்தவர் தாயின் இடத்தைப் பெறுகிறார் என்பது நம் மார்க்கச் சட்டம். அந்த உறவு திருமணத் தடை வரை செல்லும். அடுத்த வீட்டார் சொந்தமாவதற்கு இதைவிட நேரான வழி எது?

நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், வந்த புதிதில் கைகொடுத்த ஒரு மக் சிக், ஒரு பாக் சிக் பெயர் எப்படியும் வரும். இம்மலரில் நன்கொடையாளர் பட்டியல் இருக்கிறது. அந்தப் பெயர்களுக்கும் ஒரு பட்டியல் தயாரிக்க எண்ணியிருக்கிறோம். தெரிந்தவர்கள் எழுதிக் கொடுங்கள். கம்பத்தின் பெயரும் நினைவிருந்தால் சேர்த்து எழுதுங்கள்.