ராஜா எழுதின காமெடி: காஞ்சிபுரத்தில் தொலைந்த கபாலம்

செவிலிமேட்டில் எங்க வீட்டு மாடி ரூமில் உட்கார்ந்துதான் பேசுறேன். நடுவில் டக் டக்னு சத்தம் கேட்டால் அது பக்கத்து வீட்டுத் தறி. எடிட் பண்ணினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், பொறுத்துக்கோங்க.

போன வாரம் நண்பர்களோடு 'போராட்' படத்தை மறுபடி பார்த்தேன். போராட்டம் இல்லைங்க, போராட். 2006இல் வந்தது. சாஷா பேரன் கோஹன் கஜகஸ்தான் டிவி நிருபர் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு அமெரிக்கா முழுக்கச் சுற்றுவார். எதிரில் நிற்கிற பல பேருக்கு அது நடிப்புன்னே தெரியாது. டாக்குமென்டரி மாதிரியே எடுத்த பொய் டாக்குமென்டரி. படம் முடிந்ததும் எங்களுக்குள் சண்டை. ஒருத்தன் "செம தைரியம்"ங்கிறான். இன்னொருத்தி "அசிங்கம்"ங்கிறாள். அந்தச் சண்டைக்கு விடை தேடப் போய் நான் வந்து நின்ற இடம் எங்க ஊரே. ஆனால் 1400 வருஷத்துக்கு முந்தைய காஞ்சிபுரம்.

யாருக்குக் கோபம் வந்தது?

முதலில் போராட்டை முடிச்சிடுவோம். கஜகஸ்தான் அரசுக்குக் கடும் கோபம். 2005இலேயே வழக்குப் போடுவோம்னு மிரட்டினாங்க. 2006இல் நியூயார்க் டைம்ஸில் நாட்டைப் பற்றி நல்ல விதமா விளம்பரம் கொடுத்தாங்க. அப்புறம் பாருங்க, 2012இல் அவங்க வெளியுறவு அமைச்சரே, படத்தால் விசா 10 மடங்கு கூடிச்சுன்னு நன்றி சொன்னார். 2020இல் போராட்டோட வசனத்தையே சுற்றுலா விளம்பரத்துக்கு எடுத்துக்கிட்டாங்க.

ஆனால் படத்தில் அவன் சொந்த ஊராக வருகிற கிராமம் கஜகஸ்தானே இல்லை. ருமேனியாவில் இருக்கிற க்ளோட். ரோமா மக்கள் வாழும் ஏழைக் கிராமம். எதற்குப் படம் பிடிக்கிறாங்கன்னு எங்களுக்குச் சரியா சொல்லலைன்னு ஊர்க்காரங்க அமெரிக்காவில் வழக்குப் போட்டாங்க. ஜெயிக்க முடியலை. அவங்களுக்கு விளம்பரம் கொடுக்கவும் காசு இல்லை, அமைச்சரும் இல்லை.

இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு பழைய ஞாபகம் குத்திச்சு. இன்ஜினியரிங் மூணாவது வருஷம், கல்ச்சுரல்ஸ் ஸ்கிட்டில் நான் எங்க ஹாஸ்டல் மெஸ் அண்ணா மாதிரி நடிச்சேன். அவர் நடை, அவர் திக்குவாய், எல்லாம். அரங்கமே சிரிச்சது. அவரும் கடைசி வரிசையில் நின்னு சிரிச்சார். மறுநாள் காலையில் தட்டை நீட்டினேன். வழக்கமா "இன்னொரு தோசை வைக்கவா தம்பி"ன்னு கேட்பார். அன்னைக்கு எதுவும் பேசலை. வருஷம் முடியும் வரைக்கும் என்கிட்ட பேசவே இல்லை.

இப்போ நம்ம ராஜா

முதலாம் மகேந்திரவர்மன். பல்லவன். சுமார் 600 முதல் 630 வரை ஆட்சி. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பாறையைக் குடைந்து கோயில் செய்தேன்னு மண்டகப்பட்டில் கல்வெட்டு வெட்டினவர். அவர் சமஸ்கிருதத்தில் எழுதின நாடகம்தான் 'மத்தவிலாச பிரஹசனம்'. மத்தன்னா போதையில் இருக்கிறவன். 'மத்தவிலாசன்' என்பது அவருடைய பட்டப்பெயர்களில் ஒன்று. தன் பேரையே ஒரு குடிகாரக் கூத்துக்குத் தலைப்பா வெச்சிருக்கார்!

கதை நடக்கிற இடம் காஞ்சிபுரத்துத் தெரு. சத்தியசோமன் ஒரு காபாலிகன், மண்டை ஓட்டில் பிச்சை வாங்கிச் சாப்பிடுகிற சைவத் துறவி. துணைக்கு தேவசோமா. ரெண்டு பேருமே நல்ல போதை. திடீர்னு பார்த்தால் கபாலத்தைக் காணோம். அந்த வழியா நாகசேனன்னு ஒரு பௌத்த பிக்கு வருகிறார். புத்தர் இவ்வளவு கருணையானவர், பெண்ணையும் மதுவையும் மட்டும் ஏன் தடுத்திருப்பார், அந்தப் பகுதியைக் கிழவர்கள் மறைச்சிருப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டே வருவார். "நீதான் திருடன்"னு சண்டை ஆரம்பம். பஞ்சாயத்து பண்ண ஒரு பாசுபதர் வருகிறார், அவருக்கும் உள்நோக்கம் இருக்கு. கடைசியில் கபாலத்தைத் தூக்கினது ஒரு நாய். உள்ளே இருந்த வறுத்த கறிக்காக. அதுகிட்ட இருந்து பிடுங்கி வெச்சிருந்தவர் ஒரு பைத்தியக்காரர்.

இதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்ட இடம் ஒண்ணு இருக்கு. வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம்னு பேச்சு வரும்போது தேவசோமா வேண்டாம்ங்கிறாள். விகாரைப் பணத்தை வெச்சு பிக்கு அதிகாரிகள் வாயை அடைச்சிடுவார், சாம்பல் மட்டும் வெச்சிருக்கிற நமக்கு அங்கே என்ன வேலைன்னு கேட்பாள். இதை எழுதினது ராஜா. அது அவருடைய நீதிமன்றம்!

அப்போ மகேந்திரவர்மன் நல்லவர், கோஹன் கெட்டவர்னு முடிச்சிடலாமா? அவ்வளவு சுலபம் இல்லைங்க. அதிகாரிகளைக் கிண்டல் பண்ணினவர் ராஜாவை மட்டும் தொடலை. முன்னுரையில் அவருக்குப் பாராட்டு மழைதான். பிக்குகள் அந்தக் கிண்டலைத் தாங்கக்கூடிய இடத்தில் இருந்தாங்க. சுமார் 640இல் வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இந்தப் பக்கத்தில் நூறு மடங்களும் 10,000 பிக்குகளும் இருந்ததாக எழுதியிருக்கார். பெரிய கை.

காபாலிகர்கள்? அவங்க தங்களைப் பற்றி எழுதினதாக ஒரு நூலும் நம்ம கைக்கு வரலை. அவங்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் அடுத்தவங்க எழுதின கதைகள், கண்டனங்கள், இந்த மாதிரி நகைச்சுவைகள் மூலமாத்தான். யோசிச்சுப் பாருங்க, உங்களைப் பற்றி உலகத்தில் மிஞ்சுகிற ஒரே பதிவு உங்களைக் கிண்டல் பண்ணின ஸ்கிட்.

கேரளாவில் நடந்த திருப்பம்

அந்தக் காலத்துக் காஞ்சி ரசிகர்கள் இந்த நாடகத்தைப் பார்த்து என்ன சொன்னாங்கன்னு ஒரு குறிப்பும் இல்லை. ஆனால் வேற ஒரு எதிர்வினை இருக்கு. தமிழ்நாட்டில் மறைந்துபோன நாடகம் கேரளாவில் பிழைச்சுக்கிட்டது. கூடியாட்டக் கலைஞர்களான சாக்கியார்கள் அதைக் கோயில்களில் நடத்தினாங்க. குழந்தை வரம் வேண்டி நேர்ந்துக்கிட்டு நடத்துகிற கூத்து அது. மேடையில் காபாலிகன் குடிகாரன் இல்லை, கபாலம் ஏந்திய சிவன். ராஜா சிரிக்கிறதுக்காக எழுதின ஆளை, பின்னால் வந்தவங்க கும்பிட்டாங்க.

நண்பர்கள் சண்டைக்கு என் பதில் இதுதான். யாருக்குக் கோபம் வந்ததுங்கிறதை வெச்சு அதிர்ச்சிக் காமெடியை எடை போட முடியாது. கோபப்படுகிற வசதி எல்லாருக்கும் இல்லை. கிண்டலுக்கு ஆளானவங்க கையில் பதில் சொல்ல ஒரு மைக் இருந்ததா? நான் அதைத்தான் பார்ப்பேன். கஜகஸ்தானுக்கு இருந்தது, க்ளோட்டுக்கு இல்லை. பிக்குகளுக்கு இருந்தது, காபாலிகருக்கு இல்லை. மெஸ் அண்ணாவுக்கும் இல்லை. மைக் என் கையில்தான் இருந்தது. இப்பவும் என் கையில்தான் இருக்கு.

காஞ்சிபுரம் வந்தால் செவிலிமேடு பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வந்தவாசி ரோட்டில் போங்க. மாமண்டூர்க் குகையில் சிதைந்துபோன ஒரு பல்லவக் கல்வெட்டு இருக்கு. மத்தவிலாசத்தின் பேர் அதில் இருக்கு. ஒரு காமெடியை மறக்கக்கூடாதுன்னு யாரோ பாறையில் வெட்டி வெச்சிருக்காங்க. பார்த்துட்டு உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.