மூக்கமைத்த ஊரும் குடலின் வரலாறும்

புனே நகரில் வாழும் நம்மவர்க்கு, இரயில் நிலையத்தை அடுத்துள்ள சாசூன் மருத்துவமனை புதிதன்று. கட்கியிலிருந்தும் ராஸ்தா பேட்டையிலிருந்தும் வயிற்றுவலி என்று அங்கே சென்று மீண்டவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கலாம். அம்மருத்துவமனை திறக்கப்பெற்றது 1867ஆம் ஆண்டில். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே, பூனாவில் நிகழ்ந்த ஓர் அறுவை மருத்துவம் உலகப் புகழ் பெற்றுவிட்டது.

காவஸ்ஜி என்பவர் ஆங்கிலப் படையில் எருது ஓட்டியவர். 1792ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறக்குறைய ஓராண்டு கழித்துப் பூனாவுக்கு அருகே, செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர், நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புதுமூக்கு அமைத்தார். ஆங்கில மருத்துவர் இருவர் உடனிருந்து கண்டனர். 1794 அக்டோபரில் இலண்டன் இதழொன்றில் படத்துடன் அச்செய்தி வெளிவந்தது. மூக்கமைக்கும் வித்தையைச் சுசுருதர் பன்னெடுங்காலம் முன்பே எழுதிவைத்தார் என்பதை நாம் அறிவோம். அவர் கன்னத்துத் தோலைச் சொன்னார். பூனாவில் அது நெற்றித் தோலாயிற்று. அவ்வளவே வேறுபாடு.

ஆனால் அதே நூலில் வயிற்றைத் திறந்து குடலைத் தைக்கும் முறையும் உண்டு. அது ஏன் செங்கல் சூளை வரை வந்து சேரவில்லை?

முதலில் சுசுருதர் கூறுவதைப் பார்ப்போம். ஆடவர் குடல் மூன்றரை வியாமம், மகளிர்க்கு அதில் அரை வியாமம் குறைவு என்பது அவர் கணக்கு. வியாமமாவது இரு கைகளையும் விரித்து அளப்பது; கயிறு அளப்போர் மார் என்பர். மார் ஒன்றுக்கு ஆறடி வைத்தால் இருபத்தோரடி. இன்றைய நூல்களும் சிறுகுடலின் நீளம் ஏறக்குறைய இருபது அடி என்றே கூறுகின்றன. இதில் ஒரு நுட்பம் உண்டு. உயிருள்ளவர் குடல் தசை இறுக்கத்தால் சுருங்கி, இதைவிடக் குறுகியே இருக்கும். தளர்ந்து நீள்வது இறந்தபின். ஆகவே அவர் கண்டது பிணத்தின் குடலையே என்று நாம் துணிந்து கூறலாம். உடலைப் புல்லாற் சுற்றிக் கூட்டிலிட்டு, ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவைத்து, பின்பு மெல்லத் தேய்த்து ஒவ்வோர் அடுக்காகக் காணும் முறையையும் அவரே வகுத்துள்ளார்.

குடல் துளைபட்டால், வழிந்ததைத் துடைத்து, துளையின் விளிம்புகளைச் சேர்த்துக் கருஎறும்புகளைக் கடிக்கவிட்டு, உடலைக் கிள்ளித் தலையை மட்டும் விட்டுவிட வேண்டும் என்கிறார். நகைப்பதற்கு ஒன்றுமில்லை. இன்றைய உலோகக் கவ்விகள் செய்யும் வேலையே அது.

இனி உட்புறம் காண்போம். வயிற்றறையின் சுவரைப் பளபளப்பான மெல்லிய சவ்வொன்று மூடியிருக்கிறது. அதுவே மடிந்து சென்று குடலையும் போர்த்துகிறது. முதுகுப்புறச் சுவரிலிருந்து குடலைத் தாங்கி நிற்கும் விசிறி போன்ற மடிப்பும் அதுவே. இரத்தக் குழாய்கள் அதன் வழியே செல்கின்றன. விரித்தால் நம் மேல்தோலின் பரப்புக்கு ஏறக்குறைய இணையாகும். குடலைப் போர்த்திய பகுதி அறுத்தாலும் உணராது. இழுத்தால்தான் வலிக்கும், அதுவும் எங்கென்று தெரியாமல். சுவரோடு ஒட்டிய பகுதியோ வலியின் இடத்தைத் துல்லியமாகக் காட்டும். குடல்வால் வீங்கும்போது வலி தொப்புளருகே தொடங்கிப் பின்னர் வலப்புறம் அடிவயிற்றில் நிலைப்பது இதனால்தான். அவ்வேளையில் விளக்கெண்ணெய் கொடுப்பது நம் வீடுகளில் இருந்த வழக்கம். குடல்வால் வெடிக்க அதுவே காரணமாகக்கூடும்.

வெடித்தால் சீழ் அச்சவ்வு முழுதும் பரவும். மூக்கில் தையல் பழுத்தால் மூக்குத்தான் போகும். இங்கே உயிரே போகும். மூக்கின் வித்தையைத் தந்தை செய்ய மகன் பார்த்துக் கற்கலாம். குடலின் வித்தைக்குப் பிணத்தை அறுத்தறிய வேண்டும். அதைத் தீட்டென்று விலக்கிய சமூகத்தில் ஏடு மிஞ்சியது, கை மறந்தது. இதுவே நாம் காணும் விடை. ஐரோப்பாவும் அந்நாளில் பெரிதாக முந்திவிடவில்லை. குடலின் வெளிச்சவ்வை வெளிச்சவ்வோடு பொருத்தித் தைத்தால் அவை ஒட்டிக்கொள்ளும் என்று பாரிசில் லாம்பேர் காட்டியது 1826இல். மயக்க மருந்து வந்தது 1846இல். கிருமி நீக்கி அறுக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867இல்; சாசூன் மருத்துவமனை திறந்த ஆண்டும் அதுவே.

நம் நாட்டில் 1836இல் கல்கத்தாவில் மதுசூதன குப்தர், ஆயுர்வேதம் கற்ற வைத்தியர், சாதித் தடையை மீறிப் பிணத்தில் கத்தி வைத்தார். புனேயில் பைராம்ஜி ஜீஜீபாய் மருத்துவப் பள்ளி தோன்றியது 1878இல். 1946இல் அது கல்லூரியாயிற்று. இன்று அங்கே உடற்கூறு கற்கும் மாணவர் கையில், சுசுருதர் மாரால் அளந்த அதே குடல், மீண்டும் மேசைமேல் விரிகிறது.