பாசுபதமும் அணுகுண்டும்: ஒரு சிறு நாட்டின் சொல்

கல்முனைக்கு அண்மையிலுள்ள பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத் திருவிழாவைக் காணாதார் நம்முள் மிகச் சிலரே. தீமிதிப்புக்கு முன், பாசுபதாஸ்திரம் வேண்டி அருச்சுனன் தவத்துக்குச் செல்லும் காட்சியை நம் மூதாதையர் காலந்தொட்டுப் பக்தியோடு கண்டு வருகிறோம். அத்தனை அரும்பாடுபட்டு, சிவபெருமானிடமிருந்து பெற்ற அந்த அஸ்திரத்தை அருச்சுனன் குருக்ஷேத்திரத்திலே எத்தனை முறை எய்தான் என்று என்றேனும் நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? உலகையே அழிக்க வல்லதை மனிதர் மீது ஏவலாகாது என்பதே அவனுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. பெற்றதிலன்று, அடக்கி வைத்ததிலேயே அவன் பெருமை இருக்கிறது.

இக்கதை 1996ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டது. எடுத்துரைத்தவர் நம் நாட்டவர். அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய, நம் கடற்கரையிலிருந்தே தொடங்குதல் தகும்.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டு வீசித் தாக்கின. அன்றைய தினமே மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கப்பல் இன்றும் நம் கடலடியிலே கிடக்கிறது. அந்த யுத்தத்தின் முடிவு யாது? 1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமா, 9ஆம் திகதி நாகசாகி. அவ்வாண்டு முடிவதற்குள் இரு நகரங்களிலும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் மடிந்தனர் என மதிப்பிடுவர். நம் கடலில் குண்டு வீசிய நாடே உலகின் முதல் அணுகுண்டுக்கு இரையாயிற்று.

1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் யப்பானுடன் சமாதான உடன்படிக்கை செய்யக் கூடிய மகாநாட்டில், இலங்கையின் பிரதிநிதி ஜே. ஆர். ஜயவர்த்தன புத்தர்பிரானின் போதனையை எடுத்துக்காட்டி, தம் நாடு நட்டஈடு கோராது என்றார். அப்போது நாம் சுதந்திரம் பெற்று மூன்றாண்டுகளே ஆகியிருந்தன.

1954 மார்ச் 1ஆம் திகதி ஐக்கிய அமெரிக்கா பிக்கினித் தீவில் ஐதரசன் குண்டொன்றை வெடித்துப் பரீட்சித்தது. ஹிரோஷிமாக் குண்டைப் போல் ஆயிரம் மடங்கு வலிமை அதற்கு இருந்தது. தொலைவிலே மீன்பிடித்துக் கொண்டிருந்த யப்பானிய வள்ளமொன்றின் மேல் நச்சுச் சாம்பல் பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். ஒருவர் சில மாதங்களில் இறந்தார். கடலை நம்பி வாழும் நமக்கு இதன் கொடுமையை எவரும் விளக்க வேண்டியதில்லை. வலை வீசப் போனவன் யாருடைய யுத்தத்திலே சேர்ந்தான்?

அடுத்த மாதமே கொழும்பில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் கூடினர். அழைத்தவர் சேர் ஜோன் கொத்தலாவல. ஐதரசன் குண்டுப் பரீட்சைகள் நிறுத்தப்பட வேண்டும் என்று அம்மகாநாடு கேட்டது. அன்று கூடிய ஐவருள் இருவரின் நாடுகள் பின்னாளிலே தாமே அணுகுண்டு செய்தன என்பது வருந்தத்தக்கது. இந்தியா 1974இலும் 1998இலும், பாகிஸ்தான் 1998இலும் குண்டுகளை வெடித்தன. இலங்கை அவ்வழியிற் செல்லவில்லை.

1971 ஒக்டோபரில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் தோன்றி, இந்து சமுத்திரத்தைச் சமாதானப் பிராந்தியமாகப் பிரகடனஞ் செய்ய வேண்டினார். டிசெம்பர் 16ஆம் திகதி அப்பிரேரணை 61 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவர் எவருமில்லை, ஆனால் 55 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. ஐக்கிய அமெரிக்காவும் பிரித்தானியாவும் சோவியத் ஒன்றியமும் ஒதுங்கியவர்களுள் இருந்தன. நமக்குத் தென்மேற்கே தியேகோ கார்சியாத் தீவில் அமெரிக்கத் தளம் எழுந்தது; அத்தீவின் மக்கள் 1973க்குள் வெளியேற்றப்பட்டனர். சமாதானப் பிராந்தியம் பற்றி 1981இல் கொழும்பில் நடைபெறவிருந்த மகாநாடு நடைபெறவேயில்லை. சிறு நாட்டின் சொல்லுக்கு வாக்குக் கிடைத்தது. வல்லரசுகளின் கப்பல்கள் வழிவிடவில்லை.

இனி ஹேக் நகருக்கு வருவோம். அணுவாயுதத்தால் அச்சுறுத்துவதோ அதனைப் பிரயோகிப்பதோ சட்டத்துக்கு உகந்ததா என்று பொதுச்சபை சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்டது. 1996 ஜூலை 8ஆம் திகதி நீதிமன்றம் தன் அபிப்பிராயத்தை அளித்தது. பொதுவாக அது சட்டத்துக்கு முரணானது; ஆயினும் ஓர் அரசின் உயிர்வாழ்வே ஆபத்துக்குள்ளாகும் வேளையில் என்ன என்று திட்டமாகக் கூற இயலவில்லை என்பதே அதன் சாரம். நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்து நின்றமையால், தலைவரின் தீர்மான வாக்கினாலேயே இது நிறைவேறியது.

அம்மன்றத்திலிருந்த இலங்கையர் நீதியரசர் கிறிஸ்தோபர் வீரமந்திரி. சிங்களச் சமூகத்திற் பிறந்த அப்பெரியார் இதனை ஏற்காது தனியே நீண்டதோர் அபிப்பிராயம் எழுதினார். எச்சந்தர்ப்பத்திலும், எக்காரணத்தாலும் அணுவாயுதப் பிரயோகம் சட்டவிரோதமே என்றார். யுத்தத்துக்கும் வரம்புண்டு என்பது மேல்நாட்டார் நேற்றுக் கண்டுபிடித்ததன்று என நிறுவப் பல சமயங்களின் நெறிகளை எடுத்துக்காட்டினார். ஆயுதம் ஏந்தாதோரையும் சேர்த்து ஒரு குலத்தையே அழிக்கும் அஸ்திரத்தை இலக்குவன் விடலாகாதென இராமன் தடுத்ததையும், அருச்சுனன் பாசுபதத்தை ஏவாது விட்டதையும் அங்கே குறித்தார். நாம் கூத்தாகவும் திருவிழாவாகவும் காத்து வந்த ஒன்று உலக நீதிமன்றத்தின் ஏட்டிலே சான்றாக ஏறியது.

மகாபாரதத்தில் இன்னொரு காட்சியுமுண்டு. யுத்தம் முடிந்தபின் அசுவத்தாமன் பிரமாஸ்திரத்தை விட்டான். முனிவர் சொற்கேட்டு அருச்சுனன் தன்னுடையதைத் திரும்பப் பெற்றான். அசுவத்தாமனுக்கோ விடத் தெரிந்ததேயன்றி மீட்கத் தெரியவில்லை. அது உத்தரையின் கருவிலிருந்த சிசுவைத் தாக்கியது. பிறவாத குழந்தையையும் விடாத அணுக் கதிரியக்கத்தை அறிந்த இக்காலத்தில், இக்கதையை வெறுங் கற்பனையென்று தள்ள மனம் வருமா?

நம் நாட்டின் குறையையும் சொல்லாது விடலாகாது. அணுவாயுதப் பரவற்றடை உடன்படிக்கையில் 1968இல் கையொப்பமிட்டு, 1979இலேயே அதனை உறுதிப்படுத்தினோம். அதனைக் காலவரையறையின்றி நீடித்த 1995ஆம் ஆண்டு மகாநாட்டுக்கு நம் இராசதந்திரி ஜயந்த தனபால தலைமை தாங்கியது பெருமையே. ஆனால் அணுப் பரீட்சைகளை முற்றாகத் தடை செய்யும் உடன்படிக்கையில் 1996இல் ஒப்பமிட்டுவிட்டு, உறுதிப்படுத்த 2023 வரை காத்திருந்தோம். அணுவாயுதங்களையே தடை செய்யும் உடன்படிக்கைக்கு 2017இல் ஆதரவாக வாக்களித்த நாம், 2023 செப்டெம்பரிலேதான் அதில் இணைந்தோம். சொல்லில் முந்தியவர்கள் செயலில் பிந்தினோம்.

இதனினும் பெரிய குறை வேறு. உலகுக்குச் சமாதானம் உரைத்த இந்நாடு 1983 முதல் 2009 வரை தன் வீட்டினுள்ளே யுத்தத்தால் வெந்தது. 2007இல் படுவான்கரையிலிருந்து பல்லாயிரம் மக்கள் வீடு வாசல் விட்டு வந்ததை வாவியின் இக்கரையிலிருந்தோர் மறக்கமாட்டார்கள். வெளியே சொல்லும் தருமத்தை வீட்டிலே கைக்கொள்ளாவிடின் அச்சொல்லுக்கு வலிமை ஏது?

எனினும், சொல் வீணென்று சோர்தல் கூடாது. இன்றும் ஒன்பது நாடுகளிடம் ஏறத்தாழ 12,000 அணுவாயுதங்கள் உள்ளன. அவற்றைப் பறிக்கும் பலம் நமக்கில்லை. அவை அதருமம் என்று ஓயாது சொல்லி, சொன்னதைச் சட்டமாக்கி, சட்டத்துக்குத் தாமும் அடங்கி நடத்தலே சிறியோரின் பலம். தனித்து நின்று எழுதிய நீதியரசரின் ஏடு அதற்குச் சாட்சி.

இளைஞர்களே! அடுத்த ஆண்டு பாண்டிருப்பிலே அருச்சுனன் தவத்துக்குப் போகையில் அருகிலே நிற்கும் சிறுவருக்கு, அவன் அஸ்திரம் பெற்ற கதையோடு நிறுத்திவிடாது, அதனை அவன் ஏவாது காத்த கதையையும் சொல்லுங்கள்.