திறக்காத பிடிஎஃப்: ஒரு பழுதின் வரலாறு

இலங்கையில் பிடிஎஃப் வேரூன்றியதற்கு எழுத்துருச் சிக்கலும் ஒரு காரணம். 1990களிலும் அதற்குப் பிறகும் இங்கே தமிழ் பெரும்பாலும் பாமினி என்ற எழுத்துருவில்தான் தட்டச்சாயிற்று. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகவே கிடக்கும். அதைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. அம்பிட்டியவில் அடித்த விண்ணப்பத்தைக் கண்டி நகரில் பாமினி இல்லாத கணினியில் திறந்தால், திரையில் அந்தக் குறிகளே நிற்கும். எஃப்எம் அபய போன்ற சிங்கள எழுத்துருக்களிலும் இதே கதைதான். இரு மொழியிலும் படிவம் கொடுக்க வேண்டிய அலுவலகங்களுக்குத் தொல்லையும் இரட்டிப்பு.

அடோபி நிறுவனத்தின் ஜோன் வார்னொக் 1991இல் ‘கமலொட்’ என்ற பெயரில் முன்வைத்த திட்டம், 1993இல் அக்ரோபாட் ஆகவும் பிடிஎஃப் ஆகவும் வெளிவந்தது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதித்து அனுப்பலாம் என்பது இதன் பெரிய வசதி. வாசிக்கும் மென்பொருளான வாசிப்பானும் முதலில் விலைக்கு விற்கப்பட்டுப் பின்னர் இலவசமாயிற்று. வர்த்தமானி, பாடநூல், கடந்தகால வினாத்தாள் எல்லாம் பிடிஎஃப் ஆயின. 2005இல் தொடங்கிய நூலகம் தளமும் ஈழத்து நூல்களை இந்த வடிவில் சேர்த்தது. அதனால் வாசிப்பான் திறக்காவிட்டால் கொமினிகேசன் கடையில் பிரிண்ட் எடுக்க வந்தவரின் வேலையும் நின்றது.

ஆரம்பத்தில் பழுது என்றாலே மந்தம்தான். 2003இல் வந்த அடோபி வாசிப்பானின் 6ஆம் பதிப்பு, தொடங்கும்போதே துணைநிரல்களை வரிசையாக ஏற்றியது. அது திறக்கும் முன் பொறுமையிழந்து திரும்பத் திரும்ப அழுத்தியதில் கணினியே உறைந்துபோனதும் உண்டு. அதற்கு மருந்து, டாஸ்க் மேனேஜரில் பின்னணியில் தொங்கும் வாசிப்பானை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவது. இன்றும் முதலில் செய்து பார்க்க வேண்டியது அதுவே.

2010இன் 10ஆம் பதிப்போடு பழுதின் குணம் மாறியது. பிடிஎஃப் வழியாகப் பரவிய தீநிரல்களைத் தடுக்க, விண்டோஸில் ‘பாதுகாப்பு முறை’ சேர்க்கப்பட்டது. வாசிப்பான் ஒரு வேலிக்குள்ளேயே இயங்கும். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களோடு வேலி மோதியபோது வாசிப்பான் திறக்கவே இல்லை. அந்த முறையை அணைக்கும் தெரிவோ வாசிப்பானின் அமைப்புகளுக்குள் இருந்தது; திறக்காத ஒன்றுக்குள் போய் அதை மாற்றுவது எப்படி? சில வேளை மென்பொருளே எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டி, வேலியின்றித் திறக்கவா என்று கேட்கும். கேட்காதபோது விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டும். வேலியை அணைத்தபடியே விட்டுவிடுவது பழுதைவிட ஆபத்து.

விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய பழைய கணினிகளுக்கு 11ஆம் பதிப்பே கடைசி. 2015இல் வந்த டிசி பதிப்பு அவற்றில் ஏறவில்லை.

குற்றம் வாசிப்பானிலா கோப்பிலா என்று அறிய, வேறொரு பிடிஎஃபைத் திறந்து பார்ப்பதே குறுக்குவழி. அது திறந்தால் முதல் கோப்புத்தான் கெட்டிருக்கிறது. எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கோப்பின் வாலில் இருப்பதால், பாதியில் அறுந்த பதிவிறக்கம் வாலை இழந்துவிடும். நல்ல வாசிப்பான் அட்டவணையைத் திரும்பக் கட்டப் பார்க்கும்; எல்லா நேரமும் முடியாது. மறுபடி பதிவிறக்குவதே மேல்.

குரோமில் 2010இலும் ஃபயர்பொக்ஸில் 2013இலும் பிடிஎஃப் காட்டும் வசதி உள்ளேயே வந்தபின், தனி வாசிப்பான் இல்லாமலே பெரும்பாலான கோப்புகள் திறக்கின்றன. எக்ஸ்எஃப்ஏ வகை நிரப்புபடிவங்கள் மட்டும் பல உலாவிகளில் ‘காத்திருக்கவும்’ என்ற அறிவிப்போடு நின்றுவிடும். அவற்றுக்கு அடோபியின் வாசிப்பான் கைகொடுக்கும்.