சார்பகா ஸ்மூத் எண்களின் கூட்டல்

சிறிய பகா எண்களை மட்டுமே காரணிகளாகக் கொண்டவை ஸ்மூத் எண்கள். பொதுக்காரணி இல்லாத இரு ஸ்மூத் எண்களைக் கூட்டினால் விடையும் அதே வகையில் அமைவது அரிது. 32 + 49 = 81 அத்தகைய ஒன்று. பொதுக்காரணியை அனுமதித்தால் ஒரு விடையைப் பெருக்கியே முடிவின்றி விடைகள் காணலாம் என்பதால்தான் சார்பகா நிபந்தனை.

இத்துறையின் பழைய சான்று 14-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசையமைப்பாளர் பிலிப் த வித்ரியின் ஒரு கேள்வி. காரணிகளாக 2, 3 மட்டுமே வரும் எண்களில் (1,2), (2,3), (3,4), (8,9) தவிர அடுத்தடுத்த எண்கள் உண்டா? இந்நான்கும் இசையின் அடிப்படைச் சுர இடைவெளிகள். 1:2 மேல்ஸ்தாயி, 8:9 ஒரு முழுச்சுரம். கேள்வி சுரத்திலிருந்து பிறந்தது என்றும், காலத்தை இரண்டாகவும் மூன்றாகவும் பகுத்த தாளமுறையிலிருந்து பிறந்தது என்றும் இருவிதமாகச் சொல்வதுண்டு. இல்லை என்று 1343-இல் நிறுவியவர் யூத அறிஞர் லெவி பென் கெர்ஷோன். அடுத்தடுத்த எண்களுக்குப் பொதுக்காரணி இராது. ஆகவே ஒன்று 2-இன் அடுக்கு, மற்றது 3-இன் அடுக்கு. 3-இன் அடுக்கை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 3. அதனுடன் 1 கூட்டினால் மீதி 2 அல்லது 4 ஆவதால், 4-க்கு மேற்பட்ட 2-இன் அடுக்கு கிடைக்காது. 1 கழிக்கும்போது அடுக்கு ஒற்றையானால் மீதி 2; அங்கே 3 − 1 = 2 மட்டுமே தேறும். இரட்டையானால் கழித்து வந்த எண், 2 வித்தியாசமுள்ள இரு 2-அடுக்குகளின் பெருக்கமாகப் பிரியும். அவை 2, 4 மட்டுமே. அதனால் 8, 9 கடைசி. பள்ளி மாணவரும் பின்தொடரக்கூடிய அழகிய நிறுவல் இது.

துருவ ஒளி ஆய்வால் புகழ்பெற்ற நார்வேயின் கார்ல் ஸ்டோர்மர், எந்தப் பகா எண் தொகுதிக்கும் இத்தகைய ஜோடிகள் முடிவுள்ளவையே என 1897-இல் காட்டினார். 1913-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் ராமானுஜன் 2, 3-ஆல் ஆன எண்களை எண்ணும் தோராயச் சூத்திரம் தந்தார். 100 வரை அது தரும் விடை ஏறத்தாழ 19.8, உண்மை எண்ணிக்கை 20. 1964-இல் லெமர் 41 வரையிலான பகா எண்களுக்கு அடுத்தடுத்த எண்களின் ஜோடிகளைப் பட்டியலிட்டார். அவற்றில் பெரியது 63927525375, 63927525376.

வித்தியாசம் 1 என்ற கட்டுப்பாட்டை நீக்கினாலும் விடைகள் முடிவுள்ளவை என்பது 1933-இல் மாலர் கண்டது. பகா எண்கள் 13 வரை என்றால் 545 விடைகள் என்று த வேகர் 1980-களில் கணக்கிட்டார்.

1985-இல் மாசரும் ஓஸ்டர்லேயும் முன்வைத்த ஏபிசி ஊகம் இத்துறையை மாற்றியது: பொதுக்காரணி இல்லாத a + b = c என்ற கூட்டலில், மூன்றின் வெவ்வேறு பகாக் காரணிகளின் பெருக்கத்தைவிட c வெகுவாக மிகுவது அரிது என்கிறது அது. அதற்கு மோச்சிசூகி 2012-இல் வெளியிட்ட நிறுவல் 2021-இல் ஆய்விதழில் அச்சாகியும், ஷோல்ஸ, ஸ்டிக்ஸ் ஆகியோர் எழுப்பிய ஆட்சேபத்தால் பரவலாக ஏற்கப்படவில்லை.

லாகரியஸும் சென்னையில் வளர்ந்த சவுந்தரராஜனும் 2011-இல் ஓர் எல்லையை ஊகித்தனர்: மிகப்பெரிய பகாக் காரணி, கூட்டுத்தொகையின் மடக்கையின் 3/2 அடுக்கைவிடத் தெளிவாகக் குறைந்தால் விடைகள் முடிவுள்ளவை, தெளிவாக மிகுந்தால் முடிவிலி. பகா எண்களின் பரவல் பற்றிய, இன்னும் நிறுவப்படாத பொதுமைப்படுத்திய ரீமான் கருதுகோளை ஏற்றால் 8-க்கு மேற்பட்ட அடுக்குகளுக்கு முடிவிலி விடைகள் உண்டு என்றும் காட்டினர். 3/2 இன்னும் நிறுவப்படவில்லை.