இருகூறாய ஏடு: எகிப்தியத் தொல்பொருளும் தொகுப்பாளரும்

எகிப்தியத் தொல்பொருள்களைத் தொகுத்த செல்வர் வரலாற்றுக்குச் செய்த நன்மையையும் தீமையையும் ஒருங்கே காட்டும் சான்று, லெயோபோல்டு–அமெர்ஸ்டு எனப் பெயர் பெற்ற பாப்பிரசு ஏடாகும். அதன் வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஒன்பதாம் இராமேசசு மன்னனின் 16ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1110ஐ ஒட்டித் தீபை நகரில் நடந்த கல்லறைக் கொள்ளை விசாரணையின் பதிவே இவ்வேடு. அமுன்பனூபர் என்னும் கற்றச்சனும் அவன் கூட்டாளிகளும் சோபெக்கம்சாப் என்னும் பண்டை மன்னனின் கல்லறையைத் துளைத்துப் புகுந்தனர். மன்னன், தேவி இருவர் உடல்மேலும் இருந்த பொன்னைக் கவர்ந்து பேழைகளுக்குத் தீயிட்டனர். பொன் 160 தெபன். எண்மரும் தலைக்கு 20 தெபனாகப் பகிர்ந்தனர். தெபன் ஏறத்தாழ 91 கிராம் ஆதலின் மொத்தம் 14 கிலோவுக்கு மேற்படும். பிடிபட்ட கற்றச்சன் தன் பங்கைத் துறை எழுத்தனுக்குக் கையூட்டாகக் கொடுத்து விடுபட்டான். கூட்டாளிகள் அவ்விழப்பை ஈடுசெய்தனர்.

கொள்ளையைக் கூறும் ஏடும் கூறுபட்டது. அதன் கீழ்ப்பாதி ஆங்கிலப் பிரபு அமெர்ஸ்டின் தொகுப்பில் இருந்து, பின்னர் நியூயார்க்கின் மார்கன் நூலகத்தை அடைந்தது. மேற்பாதியோ, பின்னாளில் பெல்சிய மன்னரான இரண்டாம் லெயோபோல்டு இளவரசராயிருந்தபோது எகிப்தினின்று கொணர்ந்த மரப்படிமம் ஒன்றன் உள்ளே மறைந்து கிடந்தது. 1935இல் பிரசெல்சு அருங்காட்சியகத்தில் அதனைக் கண்டவர் ஜான் கப்பார்; 1936இல் கார்டினர் முதலியோருடன் அதனை வெளியிட்டார். ஏடு குறுக்கே பிரிந்தமையின் ஒவ்வொரு பத்தியும் இருகூறாகி நின்றது. அதுகாறும் அறிஞர் தலையிழந்த பத்திகளையே பயின்றனர்.

தொகுப்பாளர் இலரேல் இவ்வேடு அழிந்திருக்கும் என்பர் சிலர். அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும், விலை நோக்கும் வாணிகம் பொருளைக் காக்கும்போதே அதன் தொடர்பை அறுக்கின்றது. முகம்மது அலி 1835இல் பிறப்பித்த ஏற்றுமதித் தடை இவ்வாணிகத்தை நிறுத்தவில்லை. மாரியேத்து 1858இல் தலைமையேற்ற தொல்பொருள் துறையும் அதனை முற்றும் ஒழிக்க இயலவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டமே விற்பனைக்கு உரிமம் வழங்கும் முறையை முடித்தது.

இரு பாதிகளும் இன்றும் இரு கண்டங்களில் உள்ளன. இவ்வரலாற்றினின்று ஆய்வாளர் கொள்ளத்தக்கன இரண்டு. பொருள் கிடைத்த இடமும் கைமாறிய வழியும் பொருளோடு ஒப்பப் பேணத்தக்கன. அருங்காட்சியகமும் அகழ்ந்து காணத்தக்க களமே என்க.