முன்கதைச் சுருக்கம்

தொடர்கதை வாசகனைப் பற்றி நம் சிற்றேடுகளில் எழுதப்பட்டதை எல்லாம் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு சித்திரம் கிடைக்கிறது. அவன் பாதித் தூக்கத்தில் படிக்கிறவன். வாரத்துக்கு வாரம் ஊட்டப்படுவதை விழுங்குகிறவன். மறதியே அவனுடைய பிரதான குணம். க.நா.சு. காலத்திலிருந்து இந்தச் சித்திரத்தைப் பெரிய மாறுதல் இன்றி வைத்துக்கொண்டிருக்கிறோம். நமக்கு அது சௌகரியமாகவும் இருந்திருக்கிறது. ஆனால் தொடர்கதையின் சரித்திரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கிறவனுக்கு வேறொரு ஆள் எதிர்ப்படுகிறான். 1887-இல் டாக்டர் வாட்ஸனின் தோளில் இருந்த யுத்த காயம் 1890-இல் காலுக்கு எப்படி இறங்கியது என்று கேட்கிறவன் அவன். இல்லாத ஒரு உலகத்தில் நேர்ந்த முரண்பாட்டுக்காக உண்மையாகவே கோபப்படுகிறவன். மறதிக்காரன் இப்படிக் கோபப்பட முடியாது.

இந்தக் கோபம் நாவல் அளவுக்கே பழையது. 1605-இல் வெளிவந்த டான் கிஹோட்டேயின் முதல் பாகத்தில் ஸான்சோவின் கழுதை காணாமல் போகிறது. எப்படிப் போயிற்று என்று சொல்லப்படுவதில்லை. கொஞ்சம் தள்ளி, திரும்பக் கிடைத்ததாகவும் சொல்லாமல், அவன் மறுபடி அதன் முதுகில் இருக்கிறான். மறுபதிப்பில் திருட்டைச் செருகிச் சரிப்படுத்தப் பார்த்தார்கள், ஓட்டை அடைபடவில்லை. 1615-இல் வந்த இரண்டாம் பாகத்தில் செர்வாண்டெஸ் செய்தது வேறு. முதல் பாகத்தைப் படித்துவிட்ட ஒரு பட்டதாரியைக் கதைக்குள் கொண்டுவந்து, கழுதை விவகாரத்தை ஸான்சோவிடமே கேட்க வைத்தார். ஸான்சோ பழியை எழுதினவன் மேலும் அச்சுக்காரன் மேலும் போட்டுவிடுகிறான். நவீன நாவலின் ஆரம்பம் என்று எதைக் கொண்டாடுகிறோமோ அதன் மிக நவீனமான பக்கங்களில் சில, குறை சொன்ன வாசகனுக்குப் பதிலாக எழுதப்பட்டவை. பி.ஏ. வகுப்பில் இதை எங்களுக்கு யாரும் இந்தக் கோணத்தில் சொல்லவில்லை.

தமிழில் இதன் நல்ல உதாரணம் ஒரு கை. கல்கி ‘பார்த்திபன் கனவு’ தொடரை 1941-இல் தொடங்கினார். அதில் ஒற்றைக்கை மகா கபால பைரவர் என்று ஒரு கபாலிகன் வருகிறான். முடிவில் அவன் புலிகேசியின் சகோதரன் நீலகேசி என்று தெரிகிறது. வாதாபி யுத்தத்தில் போன கை அது. யுத்தத்தைச் சொல்லும் ‘சிவகாமியின் சபதம்’ தொடங்கியது 1944-இல்தான். அதாவது கதைக் காலத்தில் முந்தியது எழுத்துக் காலத்தில் பிந்தியது. கல்கி புதிய நாவலின் முதல் வாரத்திலிருந்தே கடனாளி. நாகநந்தி எத்தனை வேஷம் போட்டாலும், எத்தனை முறை தப்பினாலும், வாதாபி எரிந்து முடிவதற்குள் ஒரு கையை இழந்தாக வேண்டும். ஆனால் சாகக் கூடாது. பரஞ்சோதி வெட்டுகிறார், கொல்லாமல் விடுகிறார். அந்த இடத்தில் கருணை என்று நமக்குப் படுவதில் பாதி கணக்குத் தீர்த்தல். இதைக் கல்கியை மட்டம்தட்டுவதற்காகச் சொல்லவில்லை. நிர்ப்பந்தத்தைக் காட்சியாக்கத் தெரிந்திருந்தது அவருக்கு. அவருடைய பல உத்திகளைவிட இதை நான் மேலாக மதிக்கிறேன்.

‘பொன்னியின் செல்வ’னில் அப்படி நடக்கவில்லை. 1950-இல் தொடங்கி 1954-இல் முடிந்த அந்தத் தொடர், முடியவில்லை என்பதே வாசகர்களின் புகாராக இருந்தது. அவர்களுடைய கேள்விகளுக்குக் கல்கி ஒரு முடிவுரையில் பதில் எழுத வேண்டிவந்தது. இன்னார் பிறகு என்ன ஆனார், இன்னாருக்கு யாருடன் கல்யாணம் என்ற ரீதியில். ஐந்து பாகம் எழுதின ஒருவர் கதைக்கு வெளியே வந்து நின்று பாத்திரங்களின் பின்கணக்கை ஒப்புவிப்பது விநோதமான காட்சி. கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் அவர் கடைசி வரை தெளிவாக்கவில்லை. உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாஸன், சோமன், பரமேசுவரன் என்று சகோதரர்களின் பெயர்களையே சொல்கிறது. நாவல்தான் சொல்ல மறுக்கிறது. இதைப் பிழை என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்கு அந்த நாவலில் பிடித்ததே அந்த மறுப்புத்தான். 2022-23-இல் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்தபோது, மணிமேகலை எங்கே என்று கேட்டுக்கொண்டு தியேட்டரை விட்டு வந்தவர்களைப் பார்த்தேன். எழுபது வருஷத்துக்கு முந்தைய அதே குரல்.

இந்தக் குரலுக்கு ஒரு ஸ்தூலமான காரணம் இருக்கிறது. விமர்சகர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அது பைண்டிங். வாரப் பத்திரிகை ஒரு வாரம் வாழ்ந்து செத்துப்போவதற்காகச் செய்யப்பட்டது. இரண்டு இதழ்களுக்கு நடுவே உள்ள ஏழு நாள்தான் தொடர்கதை எழுத்தாளனுக்குப் பாதுகாப்பு. போன மாதம் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தவன் இந்த மாதம் போடாமல் வந்தால் யார் பார்க்கப்போகிறார்கள்? மறந்தவர்களுக்கு என்று தலைப்பில் ‘முன்கதைச் சுருக்கம்’ வேறு இருக்கிறது. தமிழ் உரைநடையில் இதுவரை யாரும் ஆராயாத வடிவம் அது. கதையில் இனி எது நினைவிருந்தால் போதும், எதை மறந்துவிடலாம் என்று வாராவாரம் தீர்ப்புச் சொல்லும் நாலு வரி.

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து வீடுகளில் இந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்த்தவர்களும், கனரக வாகனத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தவர்களும் தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்து, அடுக்கி, கடைசி அத்தியாயம் வந்ததும் பைண்டுக்குக் கொடுத்தார்கள். காலிகோ முதுகு, மார்பிள் காகித அட்டை. இடையிடையே பாதி வெட்டுப்பட்ட ஜோக்கும், தலைவலித் தைல விளம்பரமும். என் பெரியப்பாவிடமிருந்து எனக்கு வந்தவை பதினொன்று. பூந்தமல்லியில் பழைய பேப்பர் கடைக்குப் போக இருந்ததை எடைக்கு வாங்கியவை மேலும் சில. பைண்டு செய்த கணத்திலிருந்து அந்த வாசகன் வேறு வாசகன். ஏழு நாள் இடைவெளி போய்விட்டது. மூன்றாவது அத்தியாயமும் முப்பதாவது அத்தியாயமும் ஒரே மாலையில் அவன் மடியில் இருக்கின்றன. எழுதினவரிடம்கூட அந்த வசதி அப்போது இருந்திருக்காது. பிரதி பத்திரிகை ஆபீஸில் இருக்கும். ஒரு தொகுப்பின் ஓரத்தில் பென்ஸிலில், பொடி எழுத்தில், ‘பார்க்க பக். 41’ என்று இருக்கிறது. நாற்பத்தொன்றுக்குப் போனால் அங்கே ஒரு கதாபாத்திரத்தின் தகப்பனார் இறந்திருக்கிறார். பென்ஸில் குறிப்பு உள்ள பக்கத்தில் அவர் கடிதம் போடுகிறார். ஆச்சரியக்குறி கூட இல்லை. எங்கள் வங்கியில் பழைய பேரேடுகளைத் தணிக்கை செய்தவர்கள் இப்படித்தான் டிக் போடுவார்கள்: ஒரு பக்கத்தின் அடியில் ‘கொண்டு செல்லப்பட்டது’, அடுத்ததன் தலையில் ‘கொண்டு வரப்பட்டது’, இரண்டும் ஒரே தொகையா என்று. இன்று கணினி அதைத் தானே பார்த்துக்கொள்கிறது. இந்த பென்ஸில்காரரைத்தான் நாம் தூக்கத்தில் படிக்கிறவர் என்று எழுதிவந்திருக்கிறோம்.

சுஜாதாவிடம் வரும்போது பிரச்னை சிக்கலாகிறது. ஏனென்றால் இங்கே சினிமா சேர்ந்துகொள்கிறது. 1968-இல் குமுதத்தில் ‘நைலான் கயிறு’ மூலம் வந்த வக்கீல் கணேஷ், அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் வயதாகாமல் வழக்கு நடத்தினார். ஆரம்பத்தில் டில்லி, பிறகு சென்னை, தம்புச் செட்டித் தெரு. இது முரண்பாடு இல்லை, மனிதர்கள் ஊர் மாறுகிறார்கள். உள்ளே நடந்த மாறுதல்தான் முக்கியம். ஆரம்பக் கதைகளின் கணேஷ் கொஞ்சம் விஷமக்காரர், பெண்களிடம் பேச்சு நீளும். வஸந்த் வந்து சேர்ந்ததும் விஷமம் முழுவதும் வஸந்த் கணக்கில் வரவு வைக்கப்பட்டு, கணேஷ் திடீரென்று மூத்தவராகிவிடுகிறார். ஒரு ஆளை இரண்டாகப் பிரித்திருக்கிறார் சுஜாதா. வாசகர்கள் இதைப் பிழையாக எடுத்துக்கொண்டதில்லை. காரணம், கணேஷிடமிருந்து போனது எங்கே போயிற்று என்று அவர்கள் கண்ணெதிரே தெரிந்தது.

‘காயத்ரி’ 1977-இல் படமானபோது கணேஷ் ஜெய்சங்கர். ரஜினிகாந்த் அதில் வில்லன். அடுத்த ஆண்டு ‘ப்ரியா’வில் கணேஷே ரஜினிகாந்த். நாவலின் லண்டன் படத்தில் சிங்கப்பூர் ஆயிற்று. கணேஷுக்கு ஒரு ஜோடியும் பாட்டும் கிடைத்தன. பெரியப்பா தலைமுறைக்கு இந்தப் படத்தின் மேல் இருந்த ஆத்திரம் எனக்குச் சிறுவயதில் விளங்கியதில்லை. வெற்றிபெற்ற படம், இளையராஜா பாட்டு, இவர்களுக்கு என்ன வந்தது? அவர்கள் சொன்ன காரணமெல்லாம் அற்பமாக இருந்தது. லண்டன் ஏன் மாறியது, கணேஷ் இந்தச் சட்டை போடுவாரா. அதற்கடியில் இருந்த காரணம் அற்பமானதல்ல என்று இப்போது நினைக்கிறேன். பிறர் வாழ்க்கையின் அசிங்கத்துக்குள் நுழைந்து, தன் வாழ்க்கை என்று ஒன்றும் காட்டாமல் வெளியே வருகிறவர் கணேஷ். அவரை நம்ப முடிந்ததே அந்த விலகலால்தான். டூயட் அந்த விலகலைக் கொன்றுவிட்டது. இதைச் சொல்ல விமர்சன பாஷை இல்லாதவர்கள் சட்டையைப் பற்றிச் சொன்னார்கள்.

கொழும்பில் 1956 முதல் வாழ்ந்த ஆர்தர் ஸி. கிளார்க்குக்கு இதே சங்கடம் வேறு அளவில் வந்தது. ‘2001’ நாவலும் குப்ரிக்கின் படமும் கூடவே வளர்ந்தவை. 1968-இல் இரண்டும் வந்தபோது நாவலில் விண்கலம் சனிக்கிரகத்துக்குப் போகிறது, படத்தில் வியாழனோடு நின்றுவிடுகிறது. 1982-இல் தொடர்ச்சி எழுத உட்கார்ந்தபோது கிளார்க் தன் நாவலை விட்டுவிட்டுப் படத்தைப் பின்பற்றினார். ‘2010’ வியாழனில் நடக்கிறது. முன்னுரையில் அதைச் சொல்லியும் விட்டார். அடுத்த பாகங்களின்போது, இவை ஒரே பிரபஞ்சத்தில் நடப்பவை என்றே கொள்ள வேண்டாம், ஒரே கருப்பொருளின் வேறு வேறு வடிவங்கள் என்ற நிலைக்குப் போனார். 1979-இல் வாயேஜர் அனுப்பிய படங்கள் வியாழனின் நிலவுகளைப் பற்றி இருந்த ஞானத்தையே மாற்றியிருந்தபோது, பழைய புத்தகத்துக்கு விசுவாசமாக இருப்பது விஞ்ஞானத்துக்குத் துரோகமாகியிருக்கும் என்பது அவர் பக்க நியாயம். நேர்மையான நியாயம். அதே காலத்தில் அமெரிக்காவில் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை ஒட்டி ஆலன் டீன் ஃபாஸ்டர் 1978-இல் எழுதிய நாவலில் லூக்குக்கும் லேயாவுக்கும் நடுவே காதல் சாயல் இருந்தது. 1983-இல் வந்த படம் அவர்களை உடன்பிறந்தவர்களாக்கிவிட்டது. அந்த நாவலை வாங்கிப் படித்தவர்கள் அதை எங்கே வைப்பது? 2014-இல் கம்பெனி ஒரு அறிவிப்பின் மூலம் அப்படிப்பட்ட புத்தகங்கள் அனைத்தையும் ‘கட்டுக்கதை’ என்ற அலமாரிக்கு மாற்றியது. இங்கே ஞானமும் இல்லை, நியாயமும் இல்லை. உரிமை மட்டும் இருந்தது.

தமிழில் இந்த இனத்துக்கு நெருங்கி வருவது ‘விக்ரம்’. படம் தயாராகிக்கொண்டிருக்கும்போதே சுஜாதா குமுதத்தில் அதைத் தொடராக எழுதினார். படம் 1986 மே மாதம் வெளிவந்தது. அக்னிபுத்ரா என்ற ஏவுகணை, கம்ப்யூட்டர், சலாமியா என்று பூகோளத்தில் இல்லாத ஒரு தேசம். தன் பாஷையில் பேசும் ஒரு சுல்தான். சலாமியா எங்கே இருக்கிறது, பாலைவனமும் கோட்டையுமாக அது ஏன் ராஜஸ்தான் மாதிரியே இருக்கிறது என்று கேட்டுக் கேலி செய்தவர்கள் உண்டு. என் புகார் அது இல்லை. படத்தின் தொடக்கத்திலேயே விக்ரமின் மனைவி கொல்லப்படுகிறாள். கதை அவனைக் கிளப்புவதே அந்தச் சாவால்தான். ஆனால் சலாமியாவில் இறங்கின பிறகு இரண்டு பெண்கள் அவனைச் சுற்றிவர, அவன் துக்கம் கொண்டு வரப்படாத தொகையாகிவிடுகிறது. ஏவுகணையின் வேகத்தில் ஒரு பூஜ்யம் கூடினாலும் குறைந்தாலும் நஷ்டமில்லை. இங்கே விழுந்த தொகை பெரியது. பொழுதுபோக்குப் படத்தில் இதையெல்லாம் பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். மனைவியைக் கொன்றது பொழுதுபோக்குப் படம்தான்.

2022-இல் லோகேஷ் கனகராஜ் அதே பெயரில், அதே நடிகருடன் எடுத்த படம் பழைய விக்ரமையும், 2019-இன் ‘கைதி’யையும் ஒரே கணக்கில் சேர்த்தது. இளைஞர்கள் இரண்டு படங்களையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யார் எந்த இரவில் எங்கே இருந்தார்கள் என்று ஒப்பிட்டார்கள்; எங்கள் கிளையில் என் பக்கத்து கவுண்டரில் இருக்கும் தம்பி அதில் நிபுணர். பைண்டு வால்யூம் போய் இது வந்திருக்கிறது. அவரிடம் 1986 தொடரைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, புத்தகத்தில் இருப்பது செல்லுமா செல்லாதா என்பது. சுஜாதா 2008 பிப்ரவரி 27-இல் இறந்தார்; அதற்கு மூன்று வாரம் கழித்து மார்ச் 19-இல் கொழும்பில் கிளார்க். செல்லும், செல்லாது என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேரும் இல்லை.

நாம் எழுதும் நாவல்களில் இப்படிப்பட்ட புகார்கள் வருவதில்லை. நம் கைத்திறன்தான் அதற்குக் காரணம் என்று நான் நம்பத் தயாரில்லை. ஒரு கதாபாத்திரத்தின் தகப்பனார் செத்தபின் கடிதம் போட்டால், அதை உத்தி என்று வாசித்துவிடுகிற அளவுக்கு நம் வாசகர்களைப் பழக்கியிருக்கிறோம். முன்னூறு பேர் படிக்கும் புத்தகத்தில் ஒருவரும் பென்ஸில் எடுக்கவில்லை.

செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கல்கியின் நூல்கள் அரசுடைமையானபின் பல பதிப்பகங்கள் அவற்றை அச்சிடுகின்றன. சுஜாதாவின் தொடர்களும் பல பதிப்பு கண்டுவிட்டன. பத்திரிகையில் வந்த பாடத்துக்கும் புத்தகப் பாடத்துக்கும் நடுவே என்ன திருத்தப்பட்டது, எது அப்படியே விடப்பட்டது என்று வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். அதற்குப் பைண்டு வால்யூம்கள் வேண்டும். விளம்பரமும் ஜோக்கும் ஒட்டிக்கொண்டிருப்பவையாக இருந்தால் நல்லது. தேதியைக் கண்டுபிடிக்க அவைதான் உதவுகின்றன. என்னிடம் இருக்கும் பதினொன்றில் இரண்டுக்குக் கடைசி அத்தியாயம் இல்லை.